பார்கென், பட்டி, டிரக்: வேல்ஸ் வரலாற்றைப் படிக்க வருபவருக்கு ஒரு கைவிளக்கு

வேல்ஸ் நாட்டுச் சுரங்க வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய நாளில் எனக்குத் தெரியாத சொற்களால் பெரிய தொல்லை இல்லை. தெரிந்த மாதிரி இருந்த சொற்கள்தான் காலை வாரிவிட்டன. விபத்து அறிக்கை ஒன்றில் 'ஃபயர்மேன்' என்று இருந்தது. தீயணைக்க வந்தவர் என்று நினைத்துப் பத்துப் பக்கம் படித்துவிட்டேன். உண்மையில் அவர் ஆட்கள் இறங்குவதற்கு முன் சுரங்கத்துக்குள் போய், விளக்கை வைத்து வாயு இருக்கிறதா என்று பார்க்கும் மேற்பார்வையாளர். 'டிரக் கடை' என்றால் லாரி விற்கும் இடம் அல்ல. 'பட்டி' என்பது நம்மூர் ஆட்டுப்பட்டியும் அல்ல, ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துத் தின்னும் இங்கிலாந்துப் பலகாரமும் அல்ல.

அதனால் புதிதாக வருபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சொல் கண்ணில் பட்டதும் அகராதியைத் திறக்காதீர்கள். முதலில், 'இதில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது?' என்று கேளுங்கள். வேல்ஸின் பழைய வழக்கச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. அது பிடிபட்டால் சொல் தானாகத் திறந்துகொள்ளும்.

முதல் படி: காதைப் பழக்குங்கள்

வெல்ஷ் எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். ஆங்கிலேயரைவிட நமக்குச் சில ஒலிகள் எளிது. 'டி' எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் 'அது', 'பாதை' என்னும் சொற்களில் வரும் மென்மையான 'த' ஒலி. 'எஃப்' ஒன்று வந்தால் 'வ', இரண்டு வந்தால் 'ஃப'. 'டபிள்யூ' பெரும்பாலும் 'உ' அல்லது 'ஊ' என்ற உயிரொலி. அதனால்தான் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல்லை 'கூம்' என்கிறார்கள். கடினமானது இரட்டை 'எல்' மட்டும்தான். நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்து, குரல் கொடுக்காமல் காற்றைப் பக்கவாட்டில் ஊதிப் பாருங்கள். நாலு பேர் இல்லாத இடத்தில் பழகுவது நல்லது.

அடுத்தது முதலெழுத்து மாற்றம். தமிழில் இரண்டு சொல் சேர்ந்தால் நடுவில் க், ச், த், ப் மிகும். வெல்ஷில் அடுத்த சொல்லின் முதலெழுத்தே மாறிவிடும். கார்டிஃப் நகரத்தின் வெல்ஷ் பெயர் வல்லின ககரத்தில் தொடங்கும். 'கார்டிஃபுக்கு' என்று சொல்லும்போது அது மெல்லிய ககரமாகிவிடும், 'கார்டிஃபில்' என்றால் ஙகரமாகிவிடும். முதல் மாற்றத்தைத் தமிழில் எழுதிக் காட்ட முடியாது, நமக்கு இரண்டுமே 'க' தான்! ஆனால் புத்தகத்தின் பின்பக்கப் பெயரடைவில் தேடும்போது இது தெரியாமல் அரை மணி நேரம் போகும். சொல் கிடைக்கவில்லை என்றால் முதலெழுத்தை மாற்றித் தேடுங்கள்.

ஊர்ப் பெயர்களைப் பிரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அபெர் என்றால் ஆறோ ஓடையோ போய்ச் சேரும் முகம், போன்ட் பாலம், நான்ட் ஓடை, பென் தலை அல்லது முனை, லான் தேவாலயமும் அதைச் சுற்றிய நிலமும். இந்த ஐந்து போதும், வரைபடம் பாதி புரிந்துவிடும்.

இரண்டாம் படி: எந்த வட்டாரம், எந்தத் தொழில்?

'வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி' என்று பொதுவாக ஒருவர் கிடையாது. வடமேற்கில் பெத்தெஸ்டா, லான்பெரிஸ், பிளைனை ஃபெஸ்டினியோக் எல்லாம் கற்பலகை ஊர்கள். கூரைக்குப் போடும் ஸ்லேட் அங்கிருந்துதான் போனது. தெற்கே மெர்தரில் முதலில் இரும்பு, பிறகு ரோண்டா பள்ளத்தாக்குகளில் நிலக்கரி. ஸ்வான்ஸீயில் செம்பு, லனெலியில் தகரத்தகடு. 1913இல் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். கற்பலகைத் தொழில் உச்சத்தில் இருந்தபோதும் ஏறக்குறைய 17,000 பேர்தான். ஆகவே ஒரு வழக்கத்தைப் பற்றிப் படித்தால், அது எந்தப் பக்கத்து வழக்கம் என்று ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வடக்கின் சொல்லைத் தெற்கில் பொருத்தினால் கதை தப்பிப்போகும்.

மூன்றாம் படி: கல்யாணத்திலிருந்து தொடங்குங்கள்

பலரும் நேரே சுரங்கத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். தமிழ் வாசகருக்கு அதைவிட நல்ல வாசல் ஒன்று இருக்கிறது: மேற்கு வேல்ஸின் 'பிடிங்' கல்யாணம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கார்மார்தன், கார்டிகன், பெம்புரோக் பகுதிகளில் திருமணத்துக்கு முன் ஒருவர் நாடா கட்டிய கோலோடு வீடு வீடாகப் போய், பாட்டும் வேடிக்கையுமாக அழைப்பு விடுப்பார். அவருக்கு 'க்வஹோதூர்', அதாவது அழைப்பவர், என்று பெயர். பிறகு அச்சடித்த அழைப்புக் கடிதங்களும் வந்தன. அவற்றில் ஒளிவுமறைவே இருக்காது. நீங்கள் தருவதை நன்றியோடு ஏற்போம், உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிகழ்ச்சி வரும்போது மகிழ்ச்சியோடு திருப்பித் தருவோம் என்று இருக்கும். கூடவே, மணமகனின் தாய் தந்தையருக்கு யாரெல்லாம் திருப்பித் தர வேண்டியிருக்கிறதோ அவர்கள் அன்றைக்கு அதை இளையவர் கையில் கொடுத்துவிடும்படியும் கேட்டிருப்பார்கள். வருகிற தொகையை ஒருவர் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்.

மொய் நோட்டேதான்! விளக்கவே வேண்டாம், இல்லையா? புதுக்குடித்தனத்துக்கு முதலீடு, ஊருக்குள் சுற்றிவரும் வட்டியில்லாக் கடன், கொடுக்காவிட்டால் பேச்சு. இப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டிய மொய்க்கு வெல்ஷில் 'பூய்த்' என்று பெயர். இன்றைய வெல்ஷில் 'பூய்த்தைத் திருப்பிக் கொடுப்பது' என்றால் பழிக்குப் பழி வாங்குவது. கல்யாண நோட்டிலிருந்த சொல் சண்டைக்குப் போய்விட்டது.

இந்த ஒரு வழக்கத்தை நன்றாக உள்வாங்கிக்கொண்டால், பின்னால் வரும் டிரக் கடையும் மருத்துவச் சங்கமும் எளிதாகப் புரியும்.

நான்காம் படி: கற்சுரங்கத்தின் கணக்கு

கற்பலகைச் சுரங்கத்தில் எல்லாம் 'பார்கென்' என்ற சொல்லைச் சுற்றித்தான். ஆங்கிலத்தின் பேரம்தான் மூலம், ஆனால் இங்கே அது ஓர் இடத்தின் பெயரும்கூட. பாறை முகத்தில் ஏறக்குறைய ஆறு கஜ அகலமுள்ள ஒரு துண்டு ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படும். குழுவில் சிலர் பாறையை உடைப்பார்கள், மற்றவர்கள் கொட்டகையில் பலகை பிளந்து ஓரம் வெட்டுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகத்தின் ஆள் வந்து, அந்தப் பாறைக்கு என்ன விகிதம் என்று பேசி முடிப்பார். பாறை மோசமென்றால் பவுனுக்கு இத்தனை என்று கூடுதல் தொகை ஏறும், நல்ல பாறையென்றால் குறையும். ஆகவே கல்லுடைப்பவர் தன்னைக் கூலியாக நினைக்கவில்லை, ஒப்பந்தக்காரராகவே நினைத்தார். அந்த மாதாந்தரப் பேச்சில் விகிதம் சொல்பவருக்கு வேண்டியவராக இருந்தால் பிழைப்பு, இல்லையென்றால் இல்லை. பெரும்பாலான சண்டைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பார்கென் கிடைக்காத இளைஞன் 'ரபெலூர்'. அவன் ஒவ்வொரு குழுவாகப் போய்க் கையாளாக நிற்பான். அதற்குப் பதிலாக அவர்கள் தரும் கல்லில் தன் பலகையைத் தானே செய்துகொள்வான். தொழில் கற்றதும் இப்படித்தான்.

பலகைகளின் அளவுக்குப் பெயர்கள் வேடிக்கை: டச்சஸ் 24க்கு 12 அங்குலம், கவுன்டஸ் 20க்கு 10, லேடி 16க்கு 8. சீமாட்டிகளை வெட்டி அடுக்கியவர்களுக்குச் சீமாட்டிகளைப் பார்க்கவே வாய்த்திருக்காது. எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 'ஆயிரம்' பலகை என்று இருந்தால் அது 1,200. அதற்கு மேல் உடைசலுக்கு 60. பழைய விற்பனைக் கணக்கைக் கூட்டிப் பார்த்து 'ஏதோ திருட்டு' என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டு வேளைக்கு ஒதுங்கும் குடிசை 'காபன்'. அதைச் சாப்பாட்டு அறை என்று மொழிபெயர்ப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். காபனுக்குத் தலைவர் உண்டு, விதிகள் உண்டு, மீறினால் அபராதம் உண்டு. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்துக்கொண்டே அரசியல், வேதம், கவிதை என்று விவாதிப்பார்கள். பாட்டுப் போட்டியும் நடக்கும். சுரங்க முதலாளிகளின் மருத்துவர்கள் சிலர், தொழிலாளர் உடம்பு கெடுவதற்குக் கல்தூசி காரணமில்லை, அந்தக் கடுந்தேநீர்தான் காரணம் என்றே சொன்னார்கள். கல்தூசி நோய்க்கு ஸ்லேட் தொழிலாளருக்கு இழப்பீட்டு வழி திறந்த சட்டம் 1979இல்தான் வந்தது.

இங்கே கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் 'கன்ஃபோன்'. வால் என்று பொருள். முதலாளிக்கு வால்பிடிப்பவர் 'கன்ஃபோனூர்'. நம் சொல்லும் அவர்கள் சொல்லும் எப்படி ஒத்துப்போகிறது பாருங்கள். 1900 நவம்பரில் பெத்தெஸ்டாவின் பென்ரின் சுரங்கத்தில் ஏறக்குறைய 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். அந்தப் போராட்டம் மூன்று ஆண்டு நீடித்தது. 1901 ஜூனில் சில நூறு பேர் வேலைக்குத் திரும்பியபோது ஆளுக்கு ஒரு தங்கப் பவுன் கொடுக்கப்பட்டது. ஊர் அதற்கு வைத்த பெயர் 'வாலின் பவுன்'. திரும்பாதவர்கள் தங்கள் சன்னலில் ஓர் அட்டையை வைத்தார்கள்: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' அட்டை இல்லாத சன்னல் என்ன சொல்லியது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பிளவு பெத்தெஸ்டாவில் பல தலைமுறைக்கு நீண்டது.

ஐந்தாம் படி: இரும்பும் கரியும்

டிரக் என்பது பண்டமாற்று. கூலியைக் காசாகத் தராமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகவோ பொருளாகவோ தருவது. சம்பளம் மாதக் கணக்கில் தள்ளிப்போகும், நடுவில் அரிசி பருப்புக்கு என்ன செய்வது, கடையில் கடன்தான். அவர்களுக்கு மாவும் பாலாடைக்கட்டியும், அவ்வளவே வித்தியாசம். ஆனால் 1831 ஜூனில் நடந்த மெர்தர் எழுச்சியை வெறும் டிரக் கலவரம் என்று எழுதினால் தவறு. அங்கே கோபத்தின் நடுவில் இருந்தது சிறுகடன் நீதிமன்றம். கடனுக்காகப் பறிமுதல் செய்யப்பட்ட கட்டிலையும் பெட்டியையும் கூட்டம் வீடு வீடாகத் தேடி எடுத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுத்தது. பிறகுதான் துப்பாக்கிச்சூடு. டிக் பெண்டெரின் என்று அழைக்கப்பட்ட ரிச்சர்ட் லூயிஸ் ஒரு சிப்பாயைக் குத்தியதாகச் சொல்லி 1831 ஆகஸ்ட் 13 அன்று கார்டிஃபில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பதே வேல்ஸ் மக்களின் நம்பிக்கை. டிரக்கைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

நிலக்கரியில் 'பட்டி' என்றால் கூட வேலை செய்பவன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இதே சொல் இடையிலிருந்து ஆள்வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரரைக் குறிக்கும், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'டிராம்' என்பது கரி ஏற்றும் வண்டி. 'டாமி பெட்டி' சாப்பாட்டுப் பெட்டி, ரொட்டித் துண்டின் வடிவத்தில் இருக்கும், எலிக்குப் பயந்து தகரத்தில் செய்தது. 'ஜாக்' தண்ணீர்த் தகரம். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, படிக்கப் படிக்க ஒட்டிக்கொள்ளும்.

கவனமாகப் படிக்க வேண்டியது கூலியைத் தீர்மானித்த சொற்களை. 'பில்லி ஃபேர்ப்ளே' என்று ஒரு சல்லடை இருந்தது. வெட்டியெடுத்த கரியை அதில் கொட்டினால் சிறு துண்டுகள் விழுந்துவிடும். விழுந்ததற்குக் கூலி கிடையாது, ஆனால் முதலாளி அதையும் விற்பார். நியாய ஆட்டம் என்று பெயர் வைத்த கைக்கு என்ன தைரியம்! எடையில் ஏமாறாமல் இருக்கத் தொழிலாளர்கள் தங்கள் காசில் வைத்துக்கொண்ட ஆள் 'செக்வெயர்'. அந்த உரிமையை 1860ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. முதலாளியிடம் சம்பளம் வாங்காதவர் என்பதால் பல தொழிற்சங்கத் தலைவர்கள் இந்தப் பதவியிலிருந்தே வளர்ந்தார்கள். 1875 முதல் 1902 வரை கூலி, கரி விலையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 'ஸ்லைடிங் ஸ்கேல்' என்று வருவது அதுதான். விலை விழாமல் இருக்க உற்பத்தியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று மாதத்தின் முதல் திங்கட்கிழமை விடுமுறை ஆனது. தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் ஆபிரகாமின் புனைபெயரால் அதற்கு 'மேபன் நாள்' என்று பெயர். 1898 கதவடைப்பில் தொழிலாளர்கள் தோற்றபோது அந்த விடுமுறையும் போயிற்று.

இதே கணக்கின் நல்ல பக்கமும் உண்டு. சம்பளத்தில் பவுனுக்குச் சில பென்னி பிடித்து ஊர்களில் நூலகமும் மண்டபமும் கட்டினார்கள். டிரெடிகரில் அப்படி நடந்த மருத்துவ உதவிச் சங்கம் மருத்துவரையும் மருத்துவமனையையும் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொடுத்தது. அந்த ஊர்க்காரரான அனைரின் பெவன் 1948இல் நாடு முழுவதற்குமான சுகாதாரச் சேவையைத் தொடங்கியபோது இந்த முன்மாதிரி அவர் கண்முன் இருந்தது. இன்று அதே பள்ளத்தாக்குகளில் மருத்துவராகவோ செவிலியராகவோ வேலைக்குச் சேரும் தமிழர்கள், மூத்த நோயாளிகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மருந்துச்சீட்டு எழுத நேரமிருக்காது.

ஆறாம் படி: இரவு வழக்கங்களைத் தனியாகப் படியுங்கள்

'கெஃபில் பிரென்' என்றால் மரக்குதிரை. மனைவியை அடிப்பவன், கள்ள உறவு வைத்தவன், காட்டிக்கொடுத்தவன் யாராயிருந்தாலும் அவனையோ அவன் உருவப் பொம்மையையோ மரத்தின்மேல் ஏற்றி, இரவில் சத்தத்தோடு ஊரைச் சுற்றுவார்கள். முகத்தில் கரி பூசி, பெண் உடை போட்டிருப்பார்கள். நீதிமன்றத்துக்குப் போகாத ஊர்ப் பஞ்சாயத்து.

இது தெரியாமல் ரெபேக்கா கலவரத்தைப் படித்தால் மாறுவேடக் கூத்து போலத் தெரியும். 1839 மே 13 இரவு எவைல்வென் என்ற இடத்தில் ஒரு சுங்கச்சாவடி நொறுக்கப்பட்டது. செய்தவர்கள் பெண் உடையில் வந்த விவசாயிகள், தலைவருக்குப் பெயர் 'ரெபேக்கா'. ஆதியாகமத்தில் ரெபேக்காளை வாழ்த்தும்போது, அவள் சந்ததி பகைவரின் வாசல்களைச் சுதந்தரிக்கட்டும் என்று வரும். அந்த வாசலை அவர்கள் சாவடியின் கதவாகப் படித்தார்கள். மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டிக்கு வழியெல்லாம் சுங்கம் கட்டினால், சரக்கைவிடச் சுங்கம் கூடிவிடும். கோபம் புதியது, அதைக் காட்ட எடுத்த உருவம் பழைய மரக்குதிரை. 1843இல் கலவரம் உச்சத்துக்குப் போனது, 1844இல் சுங்கச் சட்டம் திருத்தப்பட்டது.

மான்மத்ஷயர் நிலக்கரிப் பகுதியில் 'ஸ்காட்ச் கேட்டில்' என்று வருவார்கள். அவை மாடுகள் அல்ல. தோலும் கொம்பும் போட்டு, வேலைநிறுத்தத்தை உடைத்தவன் வீட்டுச் சாமான்களை இரவில் நொறுக்கிய தொழிலாளர்கள்.

ஏழாம் படி: சேப்பலும் பெயர்களும்

சேப்பல், அதாவது அரசுத் திருச்சபையைச் சேராத கிறித்தவர்களின் வழிபாட்டுக்கூடம், இல்லாமல் வேல்ஸ் வரலாறு இல்லை. பெத்தெஸ்டா என்ற ஊருக்கே சேப்பலின் பெயர்தான். பிரசங்க மேடைக்குக் கீழே மூப்பர்கள் உட்காரும் 'பெரிய இருக்கை' ஊரின் உண்மையான அதிகார மையம். பிரசங்கியார் உச்சத்தில் பேச்சு பாதி பாட்டாக மாறும் நிலைக்கு 'ஹூயில்' என்று பெயர். இன்று அதே சொல்லால் விடைபெறுகிறார்கள், வேடிக்கை என்ற பொருளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூடும் சட்டம் 1881இல் வேல்ஸுக்கென்றே வந்தது. பின்னாளில் வட்டாரம் வட்டாரமாக வாக்கெடுத்துத் திறந்தார்கள், கடைசியாக இணங்கிய டுவைவோர் வட்டாரம் 1996 வரை தாக்குப்பிடித்தது.

பெயர்க் குழப்பம் நமக்குப் பழக்கம்தான். பழைய வெல்ஷ் முறையில் குடும்பப் பெயர் கிடையாது, 'இன்னாரின் மகன்' என்று அப்பா பெயரைச் சேர்ப்பார்கள். நம் இனிஷியல் போலத்தான். ஆங்கிலப் பதிவேடு வந்ததும் 'ஆப் ரிச்சர்ட்' பிரிச்சர்ட் ஆனது, 'ஆப் ஹௌவெல்' பவெல் ஆனது. மற்றவர்கள் எல்லாம் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ். ஒரே தெருவில் ஆறு ஜான் ஜோன்ஸ் இருந்தால் தொழிலையோ வீட்டையோ சேர்த்துக் கூப்பிடுவார்கள், கவிஞரென்றால் புனைபெயர். ஆகவே ஒருவரைத் தேடும்போது பெயரோடு ஊர், சேப்பல், சுரங்கம் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். சிலர் குடும்ப நிலத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை தலைவராக இருந்த எலைஹு யேலின் குடும்பப் பெயர் அப்படி வந்ததே. அவர் கல்லறை ரெக்ஸம் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

எட்டாம் படி: போய்ப் பாருங்கள்

வீட்டிலிருந்தே தொடங்கலாம். அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது, பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல். வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் இலவசம். ஸ்வான்ஸீயில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் இருக்கிறது, பழைய ஊர் மண்டபங்களின் புத்தகங்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. வழக்கங்களுக்குச் செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகம். லான்பெரிஸ் ஸ்லேட் அருங்காட்சியகம் 2024 நவம்பரில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அபெர்வானுக்குப் போவதென்றால் ஒரு வார்த்தை. 1966 அக்டோபர் 21 அன்று மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து 144 பேர் இறந்தார்கள், 116 பேர் குழந்தைகள். மீதமிருந்த குவியல்களை அகற்ற, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே அரசு 1,50,000 பவுன் எடுத்துக்கொண்டது. 1997இல்தான் அது திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். அங்கே கேமராவைப் பைக்குள் வையுங்கள். ஊர்க்காரர்கள் தாங்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாக எதையும் கேட்க வேண்டாம்.

கடைசியாக பிளைனாவனிலுள்ள பிக் பிட். 1980இல் மூடிய சுரங்கம், 1983 முதல் அருங்காட்சியகம். 90 மீட்டர் கீழே இறங்குவதற்கு முன் கைபேசி, மின்கடிகாரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள், தீப்பொறி பயம். பழைய சுரங்கத் தொழிலாளர்கள் வழிகாட்டிகளாக வருவதுண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் டாமி பெட்டியில் என்ன கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். அவர் உங்களை 'பட்' என்று கூப்பிட்டால் வேறெதுவும் நினைக்காதீர்கள், பட்டியின் சுருக்கம்தான். மேலே வந்ததும் கைபேசியை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.